கரையும் நேரம், தேறும் நேரம்

முதுமக்கள் தாழிகளைத் திறக்கும் அகழாய்வாளர்களுக்குச் சில சமயம் எலும்பே கிடைக்காது. மண்ணின் ஈரமும் அமிலமும் விலாவையும் கை எலும்பையும் உளுத்துப் பொடியாக்கியிருக்கும். அப்படிப்பட்ட இடத்திலும் பற்கள் மிஞ்சியிருப்பதுண்டு. மனித இனத்தின் பழைய வரலாற்றைத் தேடுபவர்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையைப் பற்றிப் பேசும்போது, பல நேரம் அவர்கள் கையில் இருக்கும் சான்று ஒரே ஒரு கடைவாய்ப்பல்தான். மண்ணுக்குள் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் அந்தப் பொருள், உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையின் வாயில் முளைத்து இரண்டே ஆண்டில் குழி விழுந்து கறுத்துவிடுகிறது. நிரந்தரப் பற்களில் சிகிச்சை பெறாத சொத்தையோடு வாழ்பவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பரவலான நோய் வேறு எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை, இனிப்பு தின்கிறார்கள் என்பதே உடனே வரும் பதில். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தப் பதிலில் நேரம் என்ற ஒன்று விட்டுப்போகிறது. ஒரு நாளில் எத்தனை முறை பல்லின் மேல் அமிலம் படுகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் தங்குகிறது, இரண்டு முறைகளுக்கு நடுவே பல் தேறுவதற்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது? பல்லின் ஆயுளை இந்தக் கணக்கு தீர்மானிக்கும் அளவுக்கு வேறொன்று தீர்மானிப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. அதற்குச் சிலர் கொடுத்த விலை கொடியது.

முதலில் பல்லின் மேலுறையைப் பார்ப்போம். எனாமல் என்ற அந்த உறையின் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாது உப்பு. கால்சியமும் பாஸ்பேட்டும் கூடி உருவான ஹைட்ராக்ஸி அபடைட் என்ற படிகம் அது. உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. மெல்லும் பல்லின் முகடுகளில் இதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். இதைக் கட்டியெழுப்பிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் கூடிவிடும், தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலில் செல்லும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. உடைந்துபோன எனாமலை உடம்பால் திரும்பக் கட்ட முடியாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இதைவிட மென்மையானது. அதன் ஊடே ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் பல்லின் நரம்பை நோக்கி ஓடுகின்றன. ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறதே, அந்தக் கூச்சம் வரும் வழி அதுதான்.

அந்தப் படிகத்துக்கு இருக்கும் பலவீனம் அமிலம். வாயின் அமில அளவைக் காட்டும் பிஎச் எண் ஏழை ஒட்டி இருக்கும்வரை பல்லுக்கு ஆபத்தில்லை. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ததும்பக் கரைந்திருக்கின்றன. எனவே படிகத்திலிருந்து எதுவும் கரைந்து வெளியேறுவதில்லை. பிஎச் சுமார் 5.5க்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் படிகத்தின் பாஸ்பேட்டையும் ஹைட்ராக்சைடையும் பிடித்துக்கொள்ள, கால்சியம் பிடி தளர்ந்து வெளியேறத் தொடங்குகிறது. இந்த 5.5 கல்லில் பொறித்த எண் அன்று. சுற்றிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். பின்னால் தயிரைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

சரி, வாய்க்குள் அமிலம் எங்கிருந்து வருகிறது? பாபிலோனியர் காலத்திலிருந்தே பல்லைப் புழு அரிக்கிறது என்றுதான் மக்கள் நம்பினார்கள். நம் ஊர்களிலும் கண்டங்கத்தரி விதையைப் புகைத்து வாய்க்குள் பிடித்து, பல்லில் இருந்த பூச்சி விழுந்துவிட்டது என்று காட்டியவர்கள் இருந்தார்கள். இதற்கு வேதியியல் விடை தந்தவர் வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். பெர்லினில் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் கற்றவர். பிடுங்கிய பற்களை ரொட்டியோடு உமிழ்நீரில் ஊறவைத்தார். பல்லின் தாது கரைந்தது. ரொட்டிக்குப் பதில் இறைச்சி போட்டார், கரையவில்லை. உமிழ்நீரைக் கொதிக்கவைத்துவிட்டு அதே ரொட்டியைப் போட்டார்; அப்போதும் கரையவில்லை. கொதியில் செத்தவை பாக்டீரியாக்கள். அவை மாவுப்பொருளையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் மில்லர் எழுதினார். அதன் அடிப்படை இன்றும் நிற்கிறது. 1954-ல் அமெரிக்காவின் நோத்ர தேம் பல்கலைக்கழகத்தில், கிருமியே இல்லாத கூண்டுகளில் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு எலிக்கும் சொத்தை வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த பாக்டீரியாக்களை வாயிலிருந்து அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம், தேவையும் இல்லை. பல் துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் பல்மேல் மெல்லிய படலமாகப் படியும். அதில் பாக்டீரியாக்கள் வந்து குடியேறும். அவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. அடிக்கடி சர்க்கரை கிடைத்தால் அமிலத்தைத் தாங்கி வாழும் வகைகள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை, மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டுப் பெருகும். வாயில் எந்த வகை ஓங்கும் என்பதை நாம் உண்ணும் முறைதான் முடிவு செய்கிறது.

நேரக் கணக்குக்கு முதன்முதலில் ஒரு வரைபடம் கிடைத்தது 1940களில். இராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல்மேல் படிந்த படலத்தில் நுண்ணிய ஆன்டிமனி மின்முனையை வைத்து, குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, அமில அளவு எப்படி மாறுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்தார். கொப்பளித்த இரண்டு, மூன்று நிமிடங்களிலேயே பிஎச் செங்குத்தாகச் சரிந்தது. சொத்தை அதிகம் உள்ளவர்களுக்கு 5.5க்கும் கீழே போனது. பிறகு மெல்ல, மிக மெல்ல, அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பியது. பல் மருத்துவக் கல்லூரிகளில் இதை ஸ்டீஃபன் வளைகோடு என்கிறார்கள். பற்களைப் பற்றி ஒரே ஒரு படம்தான் பள்ளிப் புத்தகத்தில் போட இடமிருக்கிறது என்றால் இதைப் போடலாம் என்பது என் கருத்து. ஒரு வாய் சர்க்கரைக் கரைசல் அரை மணி நேர அமிலத்தைக் கொண்டுவருகிறது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரையா, மூன்று ஸ்பூனா என்பதைவிட, இன்று எத்தனை முறை அந்தக் கோடு சரிந்தது என்பதே பெரிய கேள்வி.

இதை மனிதர்களிடம் நிரூபித்தது ஸ்வீடன் நாட்டின் விப்பேஹோல்ம் ஆய்வு. லுண்ட் நகரத்தை அடுத்திருந்த விப்பேஹோல்ம், அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று அரசு வகைப்படுத்திய மனிதர்களை அடைத்துவைத்த பெரிய மருத்துவமனை. அந்தக் காலத்தில் ஸ்வீடனில் பல் சொத்தை மிகக் கடுமையாக இருந்தது. அரசின் ஆதரவோடு 1945-ல் தொடங்கிய ஆய்வு, 1947 முதல் சர்க்கரையின் பக்கம் திரும்பியது. நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டு வேளையில் சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்குச் சாப்பாட்டோடு இனிப்பு ரொட்டி. வேறு சில குழுக்களுக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே சாக்லேட், கேரமல், டாஃபி. அந்த டாஃபியைப் பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி இதற்கென்றே தயாரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 24 டாஃபிகள். ஆய்வுக்கான பணத்தில் ஒரு பங்கு சர்க்கரை, இனிப்புத் தொழில்துறையிடமிருந்து வந்தது.

சாப்பாட்டு வேளையில் சர்க்கரையைக் கரைசலாகக் குடித்தவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை, எவ்வளவோ சர்க்கரை கொடுத்தும். நடுநடுவே டாஃபி தின்றவர்களின் பற்கள் சீரழிந்தன. டாஃபியை நிறுத்தியதும் புதிய சொத்தை உண்டாகும் வேகம் பழைய அளவுக்கு இறங்கியது. கெட்டுப்போன பற்கள் கெட்டவையாகவே நின்றன.

அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டால் புரிந்துகொண்டு மறுக்கக்கூடிய நிலையில் பலர் இல்லை என்பதே அவர்களைத் தேர்ந்தெடுக்க வசதியாக அமைந்தது. உலகின் பல் மருத்துவப் பாடநூல்களில் அவர்களுடைய வலி ஒரு வரைபடத்தின் கோடாகச் சுருங்கிக் கிடக்கிறது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் அதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன். முடிவுகள் 1954-ல் வெளியாயின. நெடுநாள் கழித்தே அந்த நாட்டில் அதன் அறம் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். ஸ்வீடன் பெற்றோர் அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். மிட்டாய் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும். அன்று குழந்தை ஆசை தீரத் தின்னலாம். மற்ற ஆறு நாளும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை மிட்டாய் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

நம் விருந்து இலையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இலையின் ஓரத்தில் இனிப்பு வைக்கிறோம், பாயசமும் ஊற்றுகிறோம். ஆனால் அது சோற்றோடும் குழம்போடும் மோரோடும் சேர்ந்து ஒரே வேளையில் முடிந்துபோகிறது. மென்று தின்னும்போது உமிழ்நீர் பெருகுகிறது. இலையை மடித்துக் கை கழுவி வாய் கொப்பளித்த பிறகு வாய்க்கு ஓய்வு. சர்க்கரை நோய்க்காரர் பாயசத்தைப் பார்த்து அஞ்ச வேண்டும், சரிதான். பல்லுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், அந்தப் பாயசத்தைவிட அலுவலக மேசையில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஆறவைத்து ஆறவைத்து உறிஞ்சும் ஒரு கோப்பை சர்க்கரைக் காப்பி கேடு கூடியது. டீக்கடை வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகிறவருக்கு ஒரே ஒரு சரிவு. மூன்று மணி நேரம் உறிஞ்சுபவரின் வளைகோடு எழவே முடிவதில்லை. பாக்கெட்டில் இருமல் மிட்டாயை வைத்துக்கொண்டு அடிக்கடி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் இப்படித்தான். பிஸ்கட்டும் சிப்ஸும் இனிக்காவிட்டாலும் மாவாகி இடுக்குகளில் அப்பிக்கொண்டு வெகுநேரம் தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஓய்வில் என்ன நடக்கிறது? அங்கேதான் உமிழ்நீரின் வேலை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்த நீர், சர்க்கரையைக் கழுவிக்கொண்டு போகிறது. அதில் கரைந்த பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. பிஎச் ஏறியதும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படிகத்துக்குள் போய் அமர்கின்றன. உயிரில்லாத எனாமலுக்கு உடம்பு செய்யக்கூடிய ஒரே பழுதுபார்ப்பு இது. குழி விழுந்த பிறகு பயனில்லை. குழிக்கு முந்தைய கட்டத்தில், பல்லின் மேல் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். மேற்பரப்பு இன்னும் உடையாமல், அதற்கு அடியில் தாது குறைந்திருக்கும் இடம் அது. அந்தக் கட்டத்தில் பழக்கத்தை மாற்றினால் சொத்தை அங்கேயே நின்றுவிடும், ஓரளவு பின்வாங்கவும் செய்யும். சொத்தை தொடங்கினால் பல் போயிற்று என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது உண்மையில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே இரவில் கடைசியாக வாயில் போனது எது என்பது பகலில் தின்ற பத்துப் பண்டங்களைவிட முக்கியம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் நாலும் கறுத்து உளுத்து முளைக்குச்சி போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை தப்பிக்கின்றன. புட்டியில் சர்க்கரை கலந்த பாலோ பழச்சாறோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தூங்கவைக்கப் புட்டி தேவைப்பட்டால் வெறும் தண்ணீர் போதும்.

முதியவர்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வாமை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தரும் மாத்திரைகள் பல வாயை வறளச் செய்கின்றன. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளே கெட்டுப்போவதுண்டு. ஈறும் இறங்கி, எனாமல் மூடாத வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். வேரின் டென்டின், பிஎச் ஆறுக்குச் சற்று மேலே இருக்கும்போதே கரைய ஆரம்பிக்கும். இளமையில் ஒரு சொத்தைகூட இல்லாதிருந்தவருக்கு அறுபத்தைந்து வயதில் வரிசையாக வேர்ச் சொத்தை வருவதன் காரணம் இதுதான். வாய் வறண்டால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், எந்த மாத்திரையால் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இதுவரை பேசியது பாக்டீரியா தயாரிக்கும் அமிலத்தைப் பற்றி. அவற்றின் துணையே இல்லாமல், நாமே நேராக வாய்க்குள் ஊற்றும் அமிலமும் பல்லைக் கரைக்கும். இதை அரிப்பு என்று தனியாகப் பிரிக்கிறார்கள். சொத்தை ஓரிடத்தில் குழி தோண்டும். அரிப்பு மேற்பரப்பு முழுவதையும் மெல்ல மெல்லக் குறைக்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் மினுங்குவது, புளியின் அமிலம் மேலே படிந்ததைக் கரைத்து எடுத்துக்கொண்டு போவதால். பல்மேல் அதே வகை அமிலம் நாள்தோறும் வெகுநேரம் பட்டால் பல்லிலிருந்தே ஒரு படலம் போகும். கடைவாய்ப்பல்லின் முகடுகளில் சின்னச் சின்னக் கிண்ணம் போல் பள்ளங்கள் தெரியும். முன்பல்லின் விளிம்பு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். முன்பு அடைத்த சிமெண்ட் மட்டும் கரையாமல், சுற்றியிருக்கும் பல் தாழ்ந்துபோய், தீவு போல எழும்பி நிற்கும்.

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே. கோலா பானங்கள் சுமார் 2.5. சர்க்கரை இல்லாத கோலாவும் பல்லைக் கரைக்கும் அமிலம்தான். சர்க்கரை நோய்க்காக அதற்கு மாறியவர்கள் பல்லும் பிழைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. உடல் இளைக்கக் காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து உலாவிக்கொண்டே உறிஞ்சுவது இப்போது பரவலான வழக்கம். பல்லைக் கேட்டுச் செய்யவேண்டிய காரியம் அது. அப்படியானால் நாம் தலைமுறை தலைமுறையாக உண்ணும் புளிக்குழம்பும் ரசமும்? சோற்றோடு பிசைந்து, மென்று, உடனே விழுங்கிவிடுகிறோம். உமிழ்நீரும் அப்போது நன்றாகச் சுரக்கிறது. அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. தயிரின் நிலை இன்னும் சுவையானது. அதன் பிஎச் நாலு, நாலரை. எண்ணை மட்டும் பார்த்தால் பல் கரைய வேண்டும். கரைவதில்லை. தயிரிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் நிரம்பியிருப்பதால் படிகத்திலிருந்து அவை வெளியேற வேண்டிய தேவை எழுவதில்லை. மோர்சாதத்தோடு சாப்பாட்டை முடிக்கும் வழக்கம் பல்லுக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கொடியது இரைப்பை அமிலம். அதன் பிஎச் ஒன்று, இரண்டு அளவுக்குத் தாழ்ந்தது. நெஞ்செரிச்சலோடு புளித்த நீர் இரவில் மேலேறி வரும் நோயாளிகளுக்கும், மசக்கையில் நாள்தோறும் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும், உடல் எடைக்கு அஞ்சித் தாங்களே வாந்தியை வரவழைத்துக்கொள்ளும் இளம்வயதினருக்கும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் கரையும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத பக்கம் அது. சில சமயம் இந்த நோய்களைப் பல் மருத்துவரே முதலில் கண்டுபிடிக்கிறார். வாந்தி எடுத்தவுடன் வாய் நாற்றம் போகப் பல் துலக்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. அமிலத்தில் மிருதுவான மேற்பரப்பைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீராலோ, கொஞ்சம் சமையல் சோடா கரைத்த தண்ணீராலோ கொப்பளித்துவிட்டு விட்டுவிடுவது நல்லது. அரை மணி காத்திருந்துவிட்டால் பல் பழையபடி இறுகிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. இறுகுவது மெதுவாக நடப்பது. அடுப்புக்கரி, செங்கல் பொடி, சாம்பல், உப்பு இவற்றால் தேய்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பல் வெளுத்தது போலத் தோன்றலாம், ஆனால் தேய்ந்து போன எனாமல் திரும்பி வராது.

ஃபுளோரைடு பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் அதைப் பேசும்போது தருமபுரியையும் பேசியாக வேண்டும்.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்ய வந்த பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்தார். குடிநீரில்தான் ஏதோ இருக்கிறது என்பது வரை வந்துவிட்டார். 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் நீரைப் பகுத்துப் பார்த்து ஃபுளோரைடு என்றார். எவ்வளவு இருந்தால் கறை வராமல் சொத்தை குறையும் என்பதை டிரெண்ட்லி டீன் ஊர் ஊராக அளந்து, லிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் என்று கண்டார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் அந்த அளவுக்கு ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது.

நம் மண்ணில் கதை நேர்மாறு. 1937-லேயே எச். இ. ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரத்தில், நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல் கறைபட்டு எலும்பு இறுகி முடங்கிய மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் பாறைகளிலும் ஃபுளோரைடு உண்டு. ஆழ்துளைக் கிணறு ஆழமாக ஆழமாக, தண்ணீர் பாறையோடு தங்கும் காலமும் கூடி, ஃபுளோரைடும் ஏறுகிறது. குழந்தையின் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரியாகத் தாது ஏறாமல் போய், வெளியே வந்தபின் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபடுகிறது. எத்தனை துலக்கினாலும் போகாத கறை. பல் துலக்காதவர்கள் என்ற அவப்பெயரைச் சுமந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகியவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, தங்கள் ஊர்க் கிணற்று நீரைக் குடித்தார்கள். ஜப்பானிய நிதியுதவியுடன் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கம் இடம்பெற்றிருக்கிறது. காவிரி நீர் வீட்டுக் குழாய் வரை தடையின்றி வருகிறதா என்பதுதான் அங்கே பல்லைக் காக்கும் முதல் கேள்வி.

அப்படியிருக்க ஃபுளோரைடு பற்பசை எதற்கு? ஃபுளோரைடு பல்லைக் காப்பது பெரும்பாலும் விழுங்குவதால் இல்லை, பல்லின் மேற்பரப்பில் படுவதால் என்பது பின்னாளில் தெளிவானது. ஓய்வு நேரத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகத்துக்குத் திரும்பும்போது சிறிதளவு ஃபுளோரைடு அருகில் இருந்தால் அந்தப் பழுது வேகமாக நடக்கிறது. புதிதாக உருவாகும் படிகமும் முன்னதைவிட உறுதியானது. பிஎச் நாலரை வரை தாங்கும். இந்தியாவில் பொதுவாக விற்கும் ஃபுளோரைடு பற்பசைகளில் 1000 பிபிஎம் வரை அது இருக்கிறது. மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் இருப்பதில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பவைக்க வேண்டும். நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில், குழந்தைக்கு எந்தப் பற்பசை என்று பல் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யலாம்.

பெரியவர்களுக்கு ஒரு சிறு மாற்றம். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். பிறகு சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால், பல்லின் மேல் தங்கியிருந்து வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடு தொட்டியில் போய்விடும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றித் தொண்டை வரை கொப்பளித்துப் பழகிய நமக்கு இது முதலில் ஒவ்வாததாக இருக்கும். சில நாளில் பழகிவிடும். ஒரே வேளைதான் துலக்க முடியும் என்றால் காலையை விட்டுவிட்டு இரவைப் பிடித்துக்கொள்வதே நல்லது. உமிழ்நீர் வற்றும் அந்த ஆறேழு மணி நேரத்துக்குப் பல்லைத் தயார் செய்வது அதுதான். அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

குழி விழுந்துவிட்ட பிறகும் எல்லாம் முடிந்துவிடவில்லை. வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தை ஒரு துளி தொட்டுச் சொத்தையின் மேல் தடவினால், ஊசியும் துளைக்கருவியும் இல்லாமலே சொத்தை பரவுவதைப் பல சமயம் நிறுத்திவிட முடிகிறது. ஜப்பானில் 1970களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கன்னங்கரேல் என்று கறுத்துவிடும் என்பதுதான் குறை. விழப்போகும் பால் பல்லுக்கு அந்தக் கறுப்பு ஒரு பொருட்டில்லை. பல் மருத்துவரின் நாற்காலியைக் கண்டாலே அலறும் மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

பெற்றோர் பலர் தவறவிடும் பல் ஒன்று உண்டு. சுமார் ஆறு வயதில், பால் பற்களின் கடைசிப் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாததால் இதுவும் பால் பல், விழுந்து முளைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதன் மேற்பரப்பில் ஆழமான பிளவுகள் இருக்கும். பிரஷின் நார் அவற்றுக்குள் போகாது, பிஸ்கட் மாவு போய்விடும். முளைத்த புதிதில் அதன் எனாமலும் முழுமையாக முதிர்ந்திருக்காது. பக்கத்துப் பற்களின் உயரத்துக்கு அது வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிரஷ் மற்றப் பற்களின் மேல் ஓடி இதைத் தொடாமலே போய்விடும். சொத்தை பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் தொடங்குகிறது. ஆறு வயதுக் குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் பிளவுகளைப் பிசினால் அடைத்து மூடிவிடும்படி பல் மருத்துவரிடம் கேளுங்கள். துளைக்காமல், வலிக்காமல், ஒரே அமர்வில் முடிகிற வேலை அது. இரவுதோறும் பிரஷைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து அந்தப் பல்லை மட்டும் தனியாக நீங்களே துலக்கிவிடுங்கள், குழந்தைக்கு எட்டு வயது ஆகும்வரை.